டிப்பர் லாரி: பாடியைத் தூக்கும் முன்னும், தூக்கிய பின்னும்

சாலையில் ஓடும்போது டிப்பரும் மற்ற லாரிகளைப் போன்றதுதான். சரக்கு ஏற்றும் தொட்டியான பாடி மேலே எழும்பும் அந்த இரண்டு நிமிடங்களில்தான் அது வேறு வண்டியாகிவிடுகிறது. கீழே அமர்ந்திருந்த பத்துப் பதினைந்து டன் பாரம் ஆள் உயரத்தைத் தாண்டிப் போகிறது. வண்டியைத் தாங்கும் அகலமோ அதே ஆறேழு அடிதான். கவிழ்வது, மின்கம்பியில் உரசுவது, பின்னால் நிற்பவர் மேல் பாரம் சரிவது, தூக்கிய பாடிக்கு அடியில் மெக்கானிக் நசுங்குவது என்று டிப்பருக்கே உரிய விபத்துகள் எல்லாம் பாடி உயர்ந்திருக்கும்போது நடப்பவை. கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வீட்டு சைட்டுக்கும் சாலைப் பணிக்கும் ஓடும் 6 சக்கர, 10 சக்கர டிப்பர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

லோடு ஏற்றும் இடத்தில்

நம்மூரில் கணக்கு யூனிட்டில் ஓடுகிறது. வண்டி தாங்குவது டன்னில். 1 யூனிட் என்பது 100 கன அடி. எம்சாண்ட் 1 யூனிட் சுமார் 4.5 முதல் 5 டன் வரும். கழுவிய ஈரத்தோடு ஏற்றினால் இன்னும் கூடும். 20 மி.மீ. ஜல்லி 4.25 டன் அளவில் நிற்கும். 2018-ல் உயர்த்தப்பட்ட வரம்புப்படி பாரத்தோடு சேர்த்து 6 சக்கர வண்டிக்கு 18.5 டன், 10 சக்கரத்துக்கு 28.5 டன். ஆர்சி புத்தகத்தில் உள்ள வெறும் வண்டி எடையை இதில் கழித்தால் மிஞ்சுவதுதான் ஏற்றலாம். வெறும் எடை 11 டன் உள்ள 10 சக்கர டிப்பருக்கு மிஞ்சுவது 17.5 டன், அதாவது எம்சாண்ட் மூன்றரை யூனிட். அதே வண்டியில் 6 யூனிட் ஏற்றினால் 9.5 முதல் 12.5 டன் வரை கூடுதல். மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் இதற்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

அபராதத்தை விட்டுத் தள்ளுங்கள், பாடியைத் தூக்கும் ஆயில் சிலிண்டரான ஜாக்கியைப் பாருங்கள். பாடி கிளம்பும் முதல் சில டிகிரிகளில்தான் ஜாக்கிக்கு அதிக அழுத்தம் தேவை. பாரம் கூடினால் வால்வில் அதிக அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் திறந்து ஆயில் டேங்குக்கே திரும்பும். பாடி எழும்பாது, ஆயில் மட்டும் சூடாகும். உடனே சிலர் ரிலீஃப் திருகை இறுக்கச் சொல்வார்கள். அது ஹோஸையும் சீலையும் காப்பாற்ற வைத்த ஒரே பாதுகாப்பு. அதை இறுக்கிய வண்டியில் அடுத்து வெடிப்பது ஹோஸ்தான், அதுவும் பாடி பாதி உயரத்தில் நிற்கும்போது.

பாரம் இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். முன்பக்கம் குவித்தால் ஜாக்கி திணறும். பின்பக்கம் குவித்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு போகும். பெரிய கல் ஏற்றுவதாக இருந்தால் முதல் பக்கெட் டஸ்ட்டோ சிறு ஜல்லியோ போட்டு மெத்தை அமைத்துக்கொண்டு, அதன் மேல் கல்லை இறக்கச் சொல்லுங்கள். லோடு அள்ளிப் போடும் ஹிட்டாச்சி இயந்திரத்தின் பக்கெட் கேபினுக்கு மேலாக வரவே கூடாது. பின்பக்கமாகச் சுழன்று வர வேண்டும். கேபினை முழுதாக மூடும் தகடு பாடியின் முன்பக்கத்தில் இருந்தால் டிரைவர் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு உள்ளேயே உட்காரலாம். அது இல்லாத வண்டியில் இறங்கி, ஆபரேட்டர் கண்ணுக்குத் தெரியும்படி, பூம் சுழலும் வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். வண்டிக்கும் ஹிட்டாச்சிக்கும் நடுவில் நிழல் இருக்கிறது என்று உட்காருவது மிகக் கெட்ட பழக்கம்.

குவாரிப் பாதையில்

ஏற்றத்தில் லோடோடு எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில்தான் இறக்கத்திலும் இறங்க வேண்டும். அதையும் சரிவு தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை முழுதாகப் பயன்படுத்துங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடிப்பு போய், மொத்த எடையும் பிரேக் டிரம்மின் தலையில் விழும். டிரம் சூடேறிய பின் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. பள்ளம் பக்கமாக மண் திட்டு இல்லாத பாதையில் லோடு வண்டி ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். திட்டு குறைந்தது டயரின் பாதி உயரமாவது வேண்டும். டயர் உயரத்துக்கே இருந்தால்தான் நிம்மதி.

தரையைப் பார்ப்பது

இறக்கும் இடத்துக்கு வந்ததும் டிரைவரே கேபினை விட்டு இறங்கி நடந்து பார்க்க வேண்டும். மேஸ்திரி சொன்னார், கிளீனர் பார்த்தார் என்பது போதாது.

முதலில் பக்கச் சரிவு. முன்பின் சரிவு ஓரளவு பரவாயில்லை, பக்கச் சரிவு ஆகவே ஆகாது. பாடி உயர்ந்து, பாரம் இன்னும் வழியத் தொடங்காத நிலையில் பாரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 12 அடி உயரத்தில் இருக்கும். பின் அச்சில் இடது ஜோடிக்கும் வலது ஜோடிக்கும் இடைவெளி 6 அடி என்று வையுங்கள். ஒரு பக்க டயர் 4 அங்குலம் மண்ணில் புதைந்தால் மேலே அந்த நடுப்புள்ளி 8 அங்குலம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளும் அமுங்கும், அதனால் சாய்வு இன்னும் கூடும். 5 டிகிரி பக்கச் சரிவில் நகர்வு ஒரு அடி. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையில்கூட இது சாத்தியம் என்பதால்தான் இறங்கிப் பார்க்கச் சொல்கிறோம்.

வீட்டு சைட்டில் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். செப்டிக் டேங்க், சம்ப், மூடிய பழைய கிணறு, புதிதாகக் கொட்டி நிரப்பிய மண், சாக்கடை மேல் போட்ட சிலாப் இவை எதுவும் லோடு டிப்பரைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. பாடி தூக்கும்போது பாரம் முழுவதும் பின் அச்சுகளுக்கு வந்துவிடும். வரும் வழியில் தாங்கிய சிலாப், கொட்டும்போது உடையும். சந்தேகம் என்றால் பின் சக்கரம் நிற்கும் இடத்தில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். கை அழுத்தத்திலேயே அரை அடி இறங்கினால் அங்கே பாடி தூக்கக் கூடாது. மழைக்கு மறுநாள் நேற்றைய தரையை நம்ப வேண்டாம்.

அஸ்திவாரக் குழி, கால்வாய், கிணறு இவற்றின் விளிம்பிலிருந்து குழி எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள். தண்ணீர் ஊறிய மண் என்றால் இன்னும் தள்ளி. உள்ளேயே கொட்ட வேண்டும் என்று கேட்டால் வெளியே கொட்டிவிட்டு ஜேசிபி வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். காம்பவுண்டு சுவரை ஒட்டி மணலைக் குவிப்பதும் கூடாது. ஒற்றைச் செங்கல் சுவர், பக்கவாட்டில் தள்ளும் மணலைத் தாங்காது. அடுத்த வீட்டுப் பக்கம் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம்.

தலைக்கு மேல்

16 அடி பாடி 50 டிகிரி எழும்பினால் அதன் முன் முனை மட்டும் 12 அடிக்கு மேல் உயரும். கீல் இருக்கும் உயரம் சுமார் 4 அடி. முன் தகட்டின் உயரத்தையும் கேபின் மூடியையும் சேர்த்தால் தரையிலிருந்து 20 அடியைத் தாண்டிவிடும், அதாவது 6 மீட்டருக்கு மேல். சாலையோரமாகச் செல்லும் 11 கேவி கம்பிக்கு விதிப்படி வேண்டிய குறைந்தபட்ச உயரமே 5.8 மீட்டர்; சாலை இல்லாத வயல், மனை போன்ற இடங்களில் 4.6 மீட்டர். கம்பி எல்லா விதிகளுக்கும் உட்பட்டு இருந்தாலும் பாடி அதைத் தொடும் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்வது. வெயிலில் கம்பி தொய்யும். தெருவில் மண் போட்டு உயர்த்திய இடத்தில் இடைவெளி இன்னும் குறையும். உயர் அழுத்தக் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். கம்பிக்கு நேர் கீழே தூக்கவே கூடாது, பக்கவாட்டிலும் நன்றாக விலகியிருக்க வேண்டும். வேறு இடமே இல்லை என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகு கொட்டுங்கள்.

பாடி கம்பியில் பட்டுவிட்டால் டிரைவர் கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும். முடிந்தால் பாடியை இறக்கியோ வண்டியை நகர்த்தியோ தொடர்பை விடுவியுங்கள். முடியாவிட்டால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லிவிட்டு, லைன் நின்றது என்று ஊழியர் வந்து சொல்லும்வரை காத்திருங்கள். யாரும் 10 மீட்டருக்குள் வராதபடி கத்திச் சொல்லுங்கள். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இறங்குவதுதான் உயிரைப் பறிக்கிறது. வண்டி தீப்பிடித்து இறங்கியே தீர வேண்டும் என்றால், எதையும் பிடிக்காமல் இரண்டு காலையும் சேர்த்துத் தரையில் குதித்து, பாதங்களை ஒட்டியபடியே சிறு சிறு அடியாக நகர்ந்து போக வேண்டும். மின்சாரம் பாய்ந்த டயர் உள்ளுக்குள் வெந்து, பல மணி நேரம் கழித்தும் வெடிக்கலாம். ஒரு நாள் முழுக்க அந்த வண்டியை நெருங்க வேண்டாம்.

ரிவர்ஸும் கொட்டுவதும்

ரிவர்ஸ் எடுக்கும்போது சைகை காட்டுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். மேஸ்திரி ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம், கிளீனர் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு “வரலாம், வரலாம்” சொன்னால் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாது. கிளீனர் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும்படி, வண்டியின் ஓரத்துக்கு வெளியே நிற்க வேண்டும்; நேர் பின்னால் நிற்கக் கூடாது. கண்ணாடியிலிருந்து அவர் மறைந்த நொடியில் பிரேக். அவர் எங்கே என்று தெரியும்வரை வண்டி அசையக் கூடாது.

வண்டி நின்ற பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. முன் சக்கரம் நேராக இருக்க, ஹேண்ட்பிரேக் போடுங்கள். தார்ப்பாயை முழுதாகச் சுருட்டுங்கள். ஒரு மூலை கட்டியிருந்தாலும் பாரம் அங்கே தேங்கும்.
2. பின் கதவின் கொக்கிகளை இரு பக்கமும் விடுவிக்க வேண்டும். கிளீனர் கதவுக்கு நேரே நிற்காமல் பாடியின் ஓரத்தில் நின்று எட்டித் திறக்கட்டும். உள்ளே பாரம் கதவை அழுத்திக்கொண்டிருக்கும், கொக்கி விடுபட்டதும் கதவு வேகமாக எகிறும்.
3. வண்டியின் இரு பக்கமும் பின்பக்கமும் 10 மீட்டருக்கு ஆள் இல்லை என்று பாருங்கள். இன்னொரு டிப்பர் ஒட்டி நின்றால் அது நகர்ந்த பிறகே தூக்குங்கள்.
4. கிளட்சை முழுதாக மிதித்து, ஐடிலில் பிடிஓவை (எஞ்சின் சுழற்சியை ஜாக்கியின் பம்புக்குக் கொடுக்கும் இணைப்பு) போடுங்கள். கிளட்சை மெதுவாக விட்டு 1,000 முதல் 1,200 ஆர்பிஎம் வரை கொடுத்தால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் பம்ப்தான் தேயும்.
5. சீட் பெல்ட் போட்டு, கேபினுக்குள் உட்கார்ந்தே இரு பக்கக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பாருங்கள். பாடி ஒரு பக்கம் முறுகுவது தெரிந்தால் உடனே இறக்குங்கள்.
6. ஜாக்கியின் கடைசிக் குழாய் வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரைக் குறையுங்கள். முழு வேகத்தில் முட்டினால் ஜாக்கியின் தலையும் கீல் பின்னும் அடி வாங்கும்.

குவியலை விட்டு வெளியே வர முதல் கியரில் ஓரிரு அடி ஊர்ந்து நகரலாம், சமதரை என்றால் மட்டும். பிறகு பாடியை முழுதாக இறக்கி, பிடிஓவை எடுத்துவிட்ட பின்தான் கிளம்ப வேண்டும். பிடிஓ விடாமல் ஓட்டினால் பம்ப் தாறுமாறான வேகத்தில் சுழன்று எரியும். லீவர் தளர்ந்திருந்தால் பாடி தானாக எழும்பி நடைமேம்பாலத்திலோ வழிகாட்டிப் பலகையிலோ மோதும். பாடி உயர்ந்திருப்பதைச் சொல்லும் விளக்கும் பஸ்ஸரும் வேலை செய்கின்றனவா என்று தினமும் காலையில் வெறும் பாடியைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். பஸ்ஸர் சத்தம் தொல்லை என்று ஒயரைப் பிடுங்கிய வண்டிகளை நிறையப் பார்க்க முடிகிறது. முதல் வேலையாக அதைத் திரும்ப இணைக்க வேண்டும்.

வண்டி சாயத் தொடங்கிவிட்டால் குதிக்காதீர்கள். குதிப்பவர் மேல்தான் கேபின் விழுகிறது. ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, முதுகை சீட்டில் அழுத்தி உள்ளேயே இருங்கள்.

ஈரச் செம்மண், கிராவல், களிமண் ஏற்றினால் முன் மூலைகளில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும். இதுதான் மிக ஆபத்தான நிலை: கீழ்ப்பாதி வழிந்துவிட்டது, மிச்சப் பாரம் உச்சியில் ஒரு பக்கமாக நிற்கிறது. பலர் இங்கே வண்டியை முன்னால் விட்டுச் சட்டென்று பிரேக் அடித்துக் குலுக்குகிறார்கள். ஜாக்கி வளையும், சேஸிஸ் முறுகும், வண்டியே சாயும். செய்ய வேண்டியது பாடியை மெதுவாக இறக்கி, மேலிருந்து மண்வெட்டியாலோ ஜேசிபியாலோ ஒட்டியதைத் தளர்த்தி, மீண்டும் தூக்குவது. தூக்கிய பாடிக்குள் யாரும் ஏறக் கூடாது. ஒட்டும் மண் ஏற்றும் நாளில் முதலில் பாடியின் அடியில் உலர்ந்த கிரஷர் டஸ்ட்டைப் பரப்பிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஈர லோடை இரவு முழுக்கப் பாடியிலேயே விட்டால் காலையில் இறுகியிருக்கும்.

பாடிக்கு அடியில் வேலை

தூக்கிய பாடியை ஜாக்கியும் ஆயிலும் தாங்கும் என்று நம்பி அடியில் தலையைக்கூட நீட்டக் கூடாது. ஹோஸ் வெடிக்கலாம், வால்வு கசியலாம், கேபினில் ஏறிய யாரோ லீவரைத் தொடலாம். இரண்டு டன் இரும்பு ஓரிரு நொடியில் சேஸிஸில் வந்து உட்காரும்.

பாடி காலியாக இருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பாடியைத் தூக்கி, பாடியைத் தாங்க வண்டியோடு வந்த இரும்பு முட்டான சேஃப்டி ஸ்டேயை வெளியே நின்றபடி அதன் குழியில் நிறுத்துங்கள். பிறகு பாடியை மெதுவாக இறக்கி ஸ்டேயின் மேலேயே உட்கார வையுங்கள். பிடிஓவை எடுத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை வேலை செய்பவர் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மரக்கட்டை முட்டுக் கொடுப்பது ஸ்டே ஆகாது. எண்ணெய் படிந்த சேஸிஸில் கட்டை வழுக்கும். ஸ்டே வளைந்துபோன பழைய வண்டி என்றால் வேறு வேலைக்கு முன்பு அதைச் சரிசெய்யுங்கள்.

ஹைட்ராலிக் ஆயிலைப் பாடி முழுதாக இறங்கிய நிலையில்தான் பார்க்க வேண்டும். தூக்கிய நிலையில் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து ஊற்றினால் இறக்கும்போது டேங்கின் மூடி வழியாகப் பொங்கும். கையேடு வேறு சொல்லாவிட்டால் நம் வெயிலுக்கு ஐஎஸ்ஓ விஜி 46 அல்லது 68 பொருந்தும், இரண்டைக் கலக்காதீர்கள். ஆயில் பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்ஷன் ஹோஸில் காற்று ஏறுகிறது. பாடி உதறி உதறி எழும்பினால் ஆயில் குறைவு அல்லது காற்று. தூக்கி நிறுத்திய பாடி தானாக இறங்கினால் வால்வோ சீலோ போய்விட்டது. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

கிரீஸ் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஜாக்கியின் பளபளப்பான குழாய்களில் கிரீஸ் தடவுவார்கள். அதில் குவாரித் தூசி ஒட்டி, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உப்புத்தாள் போலச் சீலைத் தேய்க்கும். குழாய்களை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கிரீஸ் போக வேண்டிய இடங்கள் பின் கீல் பின்கள், ஜாக்கியின் மேல் கீழ் பின்கள், ஜாயின்ட் கிராஸ், கிங்பின், ஸ்பிரிங் பின்கள். நிப்பிளைத் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை இபி-2 கிரீஸை அடியுங்கள். குவாரியில் ஓடும் வண்டிக்குக் கீல் பின்களில் தினமும், மற்றவற்றில் வாரம் ஒருமுறை.

10.00-20 டயருக்குக் குளிர்ந்த நிலையில் 110 முதல் 120 பிஎஸ்ஐ இருக்கட்டும். ஜோடியில் ஒன்று குறைந்தால் மற்றது முழுப் பாரத்தையும் சுமந்து சூடாகி வெடிக்கும். ஜோடிக்கு நடுவில் சிக்கிய கல்லை சைட்டை விட்டு வெளியேறும் முன் எடுங்கள். சாலையில் வேகம் பிடித்ததும் அது பின்னால் வருபவரின் முகத்துக்குப் பறக்கும். டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் உள்ள ரிம்மைக் கழற்றும் முன் இரண்டு டயரிலும் காற்றை முழுதாக இறக்குங்கள், காற்று நிரப்பும்போது ரிங்குக்கு நேரே நிற்காதீர்கள். சக்கரம் மாற்றினால் 50 கி.மீ. ஓடியதும் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். நட்டைச் சுற்றித் துரு கோடாக வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது. யு-போல்ட்டுக்கும் இதே அடையாளம்தான்.

ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் மாலையில் திறந்து விடுங்கள். தண்ணீரோடு எண்ணெயும் வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது. காற்று நிரம்பிய பின் சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, பெடலை ஒரு நிமிடம் முழுதாக மிதித்துப் பிடியுங்கள். கேஜில் அழுத்தம் கால் கிலோவுக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது.

ஏர் ஃபில்டரை அதிக அழுத்தக் காற்றால் ஊதினால் காகிதம் கிழிந்து தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். அடைப்புக் காட்டி சிவப்பானால் மாற்றிவிடுங்கள். உள் ஃபில்டரை ஊதவே வேண்டாம். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள சப்ஃபிரேமில் கீலுக்கு அருகே விரிசல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை கழுவிவிட்டுப் பாருங்கள். வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் பிஎஸ்-6 வண்டியில் பேட்டரி இணைப்பையும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியுவின் பிளக்கையும் கழற்றி, எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே பிடியுங்கள். ஜாக்கியின் உடலிலோ குழாயிலோ வெல்டிங் கூடவே கூடாது.